அப்பா சொல்ல மறுத்த கிரேக்கச் சொல்

நம் வயதில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், பிறகு மாத்திரைகளைப் பற்றி, அதற்குப் பிறகு யார் யார் போய்விட்டார்கள் என்று. இன்றைக்கு அந்த மூன்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு நான் ஓர் அட்டையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். புத்தாண்டுக் காலையில் ஆராதனை முடிந்ததும் எவர்சில்வர் தட்டில் கவிழ்த்துப்போட்டு நீட்டுவார்களே, அந்த வாக்குத்தத்த அட்டை. தேவாலயப் பக்கம் வராத நண்பர்களுக்கு விளக்கிவிடுகிறேன். ஒரு பக்கம் வண்ணப்படம், மறுபக்கம் ஒரு வேத வசனம். பார்க்காமல் எடுக்க வேண்டும். உங்கள் கைக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று தனியாகச் சொன்ன வார்த்தை. எங்கள் சபையார் அதை அப்படியே நம்பினார்கள். ஒருவர் பர்ஸில் வைத்துக்கொள்வார், ஒருவர் தலையணைக்கு அடியில். அதிகாரத்தையும் வசன எண்ணையும் சேர்த்து நாலு நம்பர் லாட்டரி எழுதப் போனவர் ஒருவரும் உண்டு. பாஸ்டர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தோம். கீழே மசாலா அரைக்கும் மில். மிளகாய் அரைக்கும் நாளில் மாடிப்படி ஏறுவதற்குள் நாலு தும்மல் போட்டுவிடுவேன், மல்லி அரைக்கும் நாளில் பசிக்கும். இப்போது செங்காங்கில் எட்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். இங்கே எந்த வாசனையும் ஏறி வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வறுக்கும் பிளாச்சான் என்ற இறால் விழுதின் நெடிகூட லிஃப்ட் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். காசநோய். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் அப்பா மேலே போவார், நான் கீழே புல்தரையில் நிற்பேன். சற்று நேரத்தில் மூன்றாவது மாடி வராந்தாவில் ஒரு வெள்ளை கவுன் வந்து கை அசைக்கும். நானும் அசைப்பேன். வெயில் கண்ணில் அடிக்கும், முகம் தெரியாது. ஒரு சனிக்கிழமை வெகுநேரம் கை அசைத்துவிட்டு, அப்பா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது வேறு யாரோ ஒரு அம்மா என்று. என் அம்மாவுக்கு அன்றைக்கு எழுந்து நடக்க முடியவில்லையாம். அந்த இன்னொரு அம்மா ஏன் எனக்குக் கை அசைத்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பள்ளி விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். சாவி என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். சின்னம்மா காலையிலேயே வந்து சோறும் கறியும் வைத்து மூடிவிட்டுப் போயிருப்பார். ஆறிய சோற்றைத் தின்றுவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்வேன். மதியம் ஒன்றரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு இப்போது தெரியும். எனக்கு ஒன்பது வயதிலேயே பழகிவிட்டது.

ஆறு மணிக்கு அப்பா வருவார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பேச்சு குறைவு. குளித்துவிட்டு வந்ததும் மேசையை வழித்துத் துடைப்பார். இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து வைப்பார். ஒன்று கிரேக்க அகராதி, ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கொடுத்தது. மற்றது கிரேக்கப் புதிய ஏற்பாடு. அதில் ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்குக் கீழும் பொடி எழுத்தில் ஆங்கில அர்த்தம் இருக்கும். அப்பா யாரிடமும் முறையாகக் கிரேக்கம் படித்தவரில்லை. மாதம் ஒரு ஞாயிறு பாஸ்டருக்குப் பதிலாக அவர் பிரசங்கம் செய்வார், அதற்காக ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டது. சபையில் அவருக்குக் ‘கிரேக்க ஐயா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த எழுத்துகள் எனக்குப் பிடிக்கும். ஒன்று மீன் போல இருக்கும். இன்னொன்று சாத்தே குச்சியில் குத்திய மீன் உருண்டை மாதிரி, வட்டத்தின் நடுவே ஒரு கோடு. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, இது என்ன சொல், அது என்ன சொல் என்று கேட்பேன். பள்ளியில் என்ன நடந்தது, என்ன தின்றாய் என்று அவர் என்னைக் கேட்டதில்லை. ஆனால் ஒரு சொல்லின் அர்த்தம் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும், பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்குவார். ஆகவே நான் நிறைய அர்த்தம் கேட்டேன். அர்த்தங்களில் எனக்கு அக்கறை இருந்தது என்று சொன்னால் பொய்.

புத்தாண்டன்று நான் எடுத்த அட்டையில் ஓர் ஆட்டுக்குட்டி. சுற்றிலும் ரோஜாப் பூக்கள், ஓரத்தில் தங்க நிறக் கோடு. பின்னால் யோவான் சுவிசேஷத்து வசனம், சீடர்களை விட்டுப் பிரியப்போகும் ஆண்டவர் அவர்களிடம், உங்களைத் திக்கற்றவர்களாக விடமாட்டேன், உங்களிடம் வருவேன் என்று சொல்கிற இடம். திக்கற்றவர் என்றால் திசை தெரியாதவர் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இனி பஸ்ஸில் தனியாகப் போனாலும் வழி தப்பமாட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. அட்டையைக் காட்டியதும் அப்பாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இந்த அட்டை எடுக்கும் வழக்கமே அவருக்குப் பிடிக்காது. கிளி சீட்டு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்வார். அதனால்தான் முகம் சுளிக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, வழக்கம்போல அவரை மகிழ்விக்கும் எண்ணத்தில், திக்கற்றவர் என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடினார்.

“பிள்ளை, அது பிறகு சொல்லுறன்.”

“ஏன் அப்பா?”

“பிறகு எண்டு சொன்னனான் எல்லே. போய்க் கையைக் கழுவு, சாப்பிடுவம்.”

அவர் ஓர் அர்த்தத்தைச் சொல்ல மறுத்தது அதுதான் முதல் தடவை. எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சையும் அவர் நிறுத்திவிட்டார் என்று தோன்றியது. மறுநாள் மத்தியானம் நாற்காலி போட்டு ஏறி அந்தக் கிரேக்கப் புத்தகத்தை நானே எடுத்தேன். அதிகார எண்ணும் வசன எண்ணும் அட்டையில் இருந்தன. தேடுவது சிரமமாயில்லை. ஓர்ஃபனூஸ். நடுவில் அந்த மீன் உருண்டை எழுத்து. அடியில் ஆங்கிலத்தில் ஆர்ஃபன்ஸ் என்று இருந்தது.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்பு எங்கள் பள்ளியில் பழைய துணி சேர்த்து ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளை டீச்சர் அப்படித்தான் சொன்னார். தாயும் தகப்பனும் செத்துப்போன பிள்ளைகள். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, தரை லேசாக அதிர்ந்தது. அம்மா செத்துப்போகப் போகிறார், அது அப்பாவுக்குத் தெரியும், ஆண்டவர் எனக்கு அட்டையில் எழுதியே அனுப்பிவிட்டார். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. விடமாட்டேன் என்றுதானே வசனம் சொல்கிறது என்பீர்கள். விடமாட்டேன் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டுமானால் முதலில் நாம் அப்படி ஆகியிருக்க வேண்டுமே. ஒன்பது வயதுப் புத்தி அந்த அளவுக்கு ஓடியது.

பத்து நாள் அந்த அட்டையோடு தனியாக இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை என்பதுதான் உண்மை. கிழித்துப்போட நினைத்தேன். தேவ வார்த்தையைக் கிழிப்பதா என்று கை வரவில்லை.

ஞாயிறு பள்ளியில் லாரிக்காரர் மகள்தான் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவாள். அவளுடைய அப்பா கிராஞ்சித் தோட்டங்களிலிருந்து தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றிவருபவர். ஞாயிற்றுக்கிழமை அதே லாரியைத் துடைத்துவிட்டு, முன்சீட்டில் மகளை உட்கார்த்திக் கோவிலுக்கு வருவார். அவள் கவுனில் எப்போதும் கீரை வாசனை இருக்கும். சின்னம்மாவுக்கு அது பிடிக்காது, வேறு யாரோடாவது உட்காரக்கூடாதா என்பார். எனக்கு அவளை விட்டால் வேறு கூட்டாளி கிடையாது. அவளுக்கும் அப்படித்தான். அவளுக்குத் தாய் இல்லை, பிரசவத்திலேயே போய்விட்டவர்.

நான் சொல்ல வெட்கப்படுகிற இடம் இதுதான். அவளுக்குத்தான் ஏற்கெனவே அம்மா இல்லையே, இந்த அட்டை அவளிடம் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று நான் யோசித்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். சாகிறதற்கு அவளிடம் ஓர் அம்மா இல்லை. அப்பா ஒருவர் இருக்கிறாரே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் அட்டையில் சிறகு விரித்த கழுகு. புதுப்பெலன் அடைவதைப் பற்றிய வசனம். வியாதிக்கார அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கோவிலுக்கு வெளியே மரத்தடியில் வைத்து, மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். அவள் ஆட்டுக்குட்டியையும் ரோஜாவையும் தங்கக் கோட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இவ்ளோ அழகா இருக்கு, எனக்கா தர்ற? சும்மா விளையாடாத லா.”

“உண்மையாத்தான். நீ வச்சுக்கொள்.”

“அப்புறம் திருப்பிக் கேக்கக்கூடாது.”

கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். தனக்கு லாபம் அதிகம் என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது போல. ஓடிப்போய் ஐஸ் பந்து ஒன்று வாங்கிவந்து, சிவப்புப் பாகு ஊறிய பக்கத்தை எனக்கு முதலில் நீட்டினாள். அதையும் வாங்கித் தின்றேன்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் நடந்தது. ஈஸ்டருக்கு முன்பு வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்துபோய், ஆஸ்பத்திரி மருந்து வாசனையோடு, படி ஏறுவதற்கு மூன்று இடத்தில் நின்று நின்று வந்தார். எனக்கு அவரிடம் போகக் கூச்சமாக இருந்தது. அவர் கூப்பிட்ட பிறகுதான் போனேன். கழுகு அட்டையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன், அன்றைக்கு அதை எடுத்து முத்தமிட்டேன்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் காலமான பிறகு அம்மா ஒரு பேச்சுவாக்கில் சொன்னது. அந்த ஜனவரியில் அப்பா பாஸ்டர் வீட்டுக்குப் போனாராம். என் பிள்ளைக்கு வேறு ஓர் அட்டை எடுக்க விடுவீர்களா என்று கேட்டாராம். இதெல்லாம் கிளிசீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த நீங்களா என்று பாஸ்டர் கேட்டதும், தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் அதே சொல்லுக்குப் பயந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் இந்தப் பக்கம். ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் நான் அட்டையை மாற்றியிருக்கமாட்டேன்.

ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம். காலையில் பெருமழை. கிராஞ்சி பக்கத்தில் லாரி வழுக்கிக் கால்வாயில் கவிழ்ந்துவிட்டது. லாரிக்காரர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். சின்னம்மா வந்து அம்மாவிடம் சொல்லும்போது நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தத் தோன்றாமல் நின்றேன்.

அடக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். அவள் ஒரு பெரிய பெண்ணுடைய கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு நின்றாள், இடுப்பில் ஊசி குத்திச் சிறிதாக்கியிருந்தார்கள். கையில் ஆட்டுக்குட்டி அட்டை. பாஸ்டரின் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அட்டை கை மாறியது, பெண்கள் ஒவ்வொருவராகப் படித்தார்கள். பாருங்கள், ஜனவரியிலேயே ஆண்டவர் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டார், எத்தனை துல்லியம் என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மாற்றியது நான்தான் என்று எங்கே சொல்லிவிடுவாளோ என்று பயந்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் போனேன். அவள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவின் முறை. பாஸ்டர் கேட்டுக்கொண்டபடி அந்த வசனத்தின் மேலேயே பிரசங்கம். மேடையில் ஏறினால் அப்பா யாழ்ப்பாணப் பேச்சை விட்டுவிட்டு ஏட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார். எனக்குச் சொல்ல மறுத்த சொல்லை அன்று எல்லோருக்கும் சொன்னார்.

“கிரேக்கத்தில் ஓர்ஃபனோஸ் என்பது தாய் தகப்பனை இழந்த பிள்ளை. அதற்கு மட்டும் உரிய சொல் அன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கும் அந்தச் சொல் உண்டு. குரு போன பிறகு நிற்கிற சீடருக்கும் உண்டு. யாரோடு இருந்தோமோ அவர் எழுந்து போய்விட்டால், மிஞ்சி இருப்பவர் யாராயினும் ஓர்ஃபனோஸ். விடமாட்டேன் என்ற இடத்தில் வருகிற கிரேக்கச் சொல்லோ, மீனவர்கள் தங்கள் வலைகளை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டார்களே, அங்கே வருகிற அதே சொல். வலையைப் போட்டுவிட்டுப் போவதுபோல் உங்களைப் போட்டுவிட்டுப் போகமாட்டேன் என்கிறார்.”

முதல் வாக்கியத்துக்கு மேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. மீதியெல்லாம் அப்பாவின் குறிப்பேட்டைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதுதான். அந்தக் குறிப்பேடும் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. அன்றைக்கு நான் அறிந்தது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக அவளை ஆக்கியது நான் என்பதுதான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு பள்ளியில் முன்வரிசைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். அவள் வாசல் பக்கம் நின்றால் கோவில் சமையல்கட்டு வழியாக வெளியே போனேன். அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன், பொறுப்பான பிள்ளையாகிவிட்டேன் என்று சின்னம்மா மெச்சிக்கொண்டார். வருடக் கடைசியில் அவளுடைய அத்தை அவளைச் சைனாடவுனுக்குக் கூட்டிப்போனார். அத்தை வீட்டார் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள். அதன் பிறகு அவள் எங்கள் சபைக்கு வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கழுகு அட்டையை ஒரு நாள் கால்வாயில் போட்டேன்.

பிறகு எனக்கு எத்தனையோ கூட்டாளிகள். பள்ளியில், வேலையில், புருஷன் வீட்டுப் பக்கம். யாரையும் ரொம்ப நெருங்கவிடவில்லை. நான் தொட்டது யார் தலையில் விடியுமோ என்று உள்ளே ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. மூடநம்பிக்கை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார்கள். என் வீட்டில் நாற்காலி நாலு, உட்காருவது ஒன்றில்தான்.

போன மாதம் பாலிகிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்கு நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கைத்தடியோடு வந்து உட்கார்ந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அந்தக் கிரேக்க ஐயா மகள்தானே என்று கேட்டார். என் நெற்றியும் அப்பாவின் நெற்றியும் ஒன்றாம். லாரிக்காரர் மகள். மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள், பொங்கோலில் மகனோடு இருக்கிறாள். அவள் பேசிக்கொண்டே போனாள். இந்த வாய்ப்பை விட்டால் இனி இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிரேக்கப் புத்தகம், ஆர்ஃபன்ஸ், மரத்தடி, ஆட்டுக்குட்டி, அவளுக்குத்தான் அம்மா இல்லையே என்று நான் யோசித்தது வரைக்கும். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள்.

“அட்டையா? எனக்கு ஞாபகமே இல்ல லா. அப்பா போனது மழையால, பிரேக்கு புடிக்கல. அதுக்கு நீ என்ன பண்ணுவ?”

ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை அவள் இப்படி ஒரே பேச்சில் இறக்கி வைத்துவிட்டாள். நான் கைக்குட்டையைத் தேடினேன். அவள் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கிறது வேற,” என்றாள். “அப்பா போன அடுத்த வாரம் சண்டே ஸ்கூல்ல என் பைபிள பெஞ்சு மேல வச்சு உனக்கு எடம் புடிச்சு வச்சிருந்தேன். நீ வந்த, பாத்த, முன்னாடி போயி உக்காந்துட்ட. அதுக்கப்புறமும் ஒவ்வொரு வாரமும் எடம் புடிச்சேன், டிசம்பர் வரைக்கும். நான் என்ன தப்பு பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள், திரையில் இரண்டு தடவை வந்து போனது. அவள் என் சீட்டைப் பார்த்துவிட்டு, உன்னைத்தான், போ என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.